வரி வரியாகப் பிடிக்கும் கேமரா: ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் பதிவு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைத் தரும். ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா அதே புள்ளிக்கு நூற்றுக்கணக்கில் தரும். ஒவ்வொரு எண்ணும், ஒரு குறுகிய அலைநீளத் துண்டில் எவ்வளவு ஒளி வந்து விழுந்தது என்பதற்கான கணக்கு. அந்தத் துண்டுக்குப் பேண்ட் என்று பெயர். 1987-இல் விமானத்தில் பறக்கத் தொடங்கிய நாசாவின் அவிரிஸ் கருவியிலேயே 400 முதல் 2500 நானோமீட்டர் வரை 224 பேண்டுகள் இருந்தன. இன்று அத்தனை பேண்டுகள் கொண்ட கேமராவை ஒரு கையால் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம், அலைநீள வீச்சு மட்டும் அதைவிடக் குறுகலாக இருக்கும்.

கேமராவோடு வரும் பதிவு மென்பொருளை முதல்முறை திறப்பவருக்குத் தலை சுற்றும். எக்ஸ்போஷர், ஃபிரேம் ரேட், பின்னிங், டார்க், ஒயிட், மேடை வேகம் என்று வரிசையாகப் பெட்டிகள். பதிவுப் பொத்தான் எங்கோ ஒரு மூலையில். இத்தனை பெட்டிகளும் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். பகுப்பாய்வை நூறு முறை திருப்பிச் செய்யலாம். நிரம்பி வழிந்த பிக்சலையும், எடுக்க மறந்த ஒயிட்டையும் (வெள்ளைத் தகட்டின் பதிவு), தவறிப்போன ஃபிரேமையும் பிறகு எந்த நிரலாலும் மீட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் பார்க்கும்போது, இது எதைத் தவறவிடாமல் காக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

கேமராவுக்குள் ஒரு பிளவு

ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் ட்ரோனிலும் அதிகம் பயன்படுவது வரி ஸ்கேன் வகை. புஷ்புரூம் என்பார்கள், துடைப்பத்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போவதுபோல. லென்ஸுக்குப் பின்னால் மிக மெல்லிய ஒரு பிளவு இருக்கும். அதன் வழியே பொருளின் ஒரே ஒரு கோடு மட்டும் உள்ளே நுழையும். உள்ளே இருக்கும் முப்பட்டகமோ கிரேட்டிங்கோ அந்தக் கோட்டின் ஒளியை அலைநீளவாரியாக விரித்துச் சென்சார்மீது விழச் செய்யும். சென்சார் இரு பரிமாணம் கொண்டது. ஒரு திசையில் இடம், மற்றத் திசையில் அலைநீளம்.

இதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்: ஒரு ஃபிரேம் என்பது ஒரு படம் அல்ல, படத்தின் ஒரு வரி. முழுப் படம் வேண்டுமென்றால் நகரும் மேடை ஒன்றின்மேல் வைத்த பொருள் நகர வேண்டும், அல்லது கேமரா நகர வேண்டும். வரிகளை அடுக்கிக்கொண்டே போனால் நீளம், அகலம், அலைநீளம் என்று மூன்று பக்கங்கள் கொண்ட ஒரு தரவுக் கட்டி கிடைக்கும். டேட்டா கியூப் என்று பெயர்.

வேறு வகைகளும் உண்டு. அலைநீள வடிகட்டியை ஒவ்வொன்றாக மாற்றி முழுப் படமாக எடுப்பவை, ஒரே ஷாட்டில் எல்லாவற்றையும் பிடிப்பவை. அவற்றின் மென்பொருளில் மேடை வேகம் என்ற தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் உண்டு. இந்தக் கட்டுரை வரி ஸ்கேனோடு நிற்கிறது.

நேரலைத் திரையில் தெரிவது என்ன?

கேமராவை இணைத்ததும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து, அதன் வரிசை எண்ணுக்குரிய அளவுத்திருத்தக் கோப்பை ஏற்றும். எந்தச் சென்சார் வரிசை எந்த அலைநீளம் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. வேறொரு கேமராவின் கோப்பை ஏற்றிவிட்டால் மென்பொருள் முணுமுணுக்காமல் வேலை செய்யும், அலைநீளங்கள் மட்டும் தப்பாக இருக்கும். வெயிலில் எளிதாகச் சரிபார்க்கலாம். சூரிய ஒளியில் காற்றிலுள்ள ஆக்சிஜன் 760 நானோமீட்டர் அருகே கூர்மையான ஒரு பள்ளத்தை உண்டாக்கும். உங்கள் வரைபடத்தில் அது 770-இல் நின்றால் கோப்பைப் பாருங்கள். ஆய்வகத்தில் பாதரச-ஆர்கான் விளக்கு இந்த வேலையைச் செய்யும், 435.8, 546.1, 763.5 என்று இடம் மாறாத கோடுகள் அதில் உண்டு.

நேரலைத் திரையில் உங்கள் பொருளின் படத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தெரிவது அந்த ஒரு வரி மட்டும், கிடைமட்டத்தில் இடம், செங்குத்தில் அலைநீளம். வெள்ளைத் தகட்டின்மேல் ஒரு பச்சை இலையை வைத்துப் பாருங்கள். இலை இருக்கும் இடத்தில் நெடுக ஒரு பட்டை தெரியும். நீலத்திலும் சிவப்பிலும் அது இருண்டு கிடக்கும், 550 அருகே லேசாக வெளுக்கும், 680-இல் மீண்டும் கருக்கும், 720-ஐத் தாண்டியதும் பளிச்சென்று ஏறிவிடும். 680-இல் கருக்கக் காரணம் பச்சையம் ஒளியை விழுங்குவது. 720-க்கு அப்பால் பளிச்சிடுவது இலையின் உள்ளமைப்பு அகச்சிவப்பைத் திருப்பி வீசுவதால். கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்றத்தைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால், ஃபிரேம் என்றால் என்ன என்று பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபோகஸையும் இந்தத் திரையில்தான் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோடுகள் அச்சடித்த தாளைப் பொருள் இருக்கும் அதே உயரத்தில் வையுங்கள். கோடுகள் மேடை நகரும் திசையிலேயே ஓட வேண்டும். அப்போதுதான் பிளவு அவற்றைக் குறுக்கே வெட்டும். திரையில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் விளிம்பு செங்குத்தாக எழும்வரை லென்ஸைத் திருப்புங்கள். 500-இல் கூர்மையாக இருந்துவிட்டு 900-இல் மங்கும் லென்ஸ்கள் உண்டு. இரண்டு இடத்திலும் பார்த்து, உங்களுக்கு முக்கியமான பகுதிக்குச் சாதகமாக நிறுத்துங்கள்.

எக்ஸ்போஷரும் ஃபிரேம் ரேட்டும்

இரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. நொடிக்கு 100 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 10 மில்லிசெகண்ட். எக்ஸ்போஷர், அதாவது சென்சார் ஒளியைச் சேகரிக்கும் நேரம், அதற்குள் அடங்க வேண்டும், சென்சாரைப் படித்தெடுக்கும் நேரத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டு. 8 மில்லிசெகண்ட் வைத்தால் நிம்மதி.

எக்ஸ்போஷரை எதைப் பார்த்து முடிவு செய்வது? உங்கள் பொருளைப் பார்த்து அல்ல, வெள்ளைத் தகட்டைப் பார்த்து. காட்சியில் மிக அதிக வெளிச்சம் அங்கிருந்துதான் வரப்போகிறது. 12 பிட் சென்சாரில் ஒரு பிக்சல் காட்டக்கூடிய உச்சம் 4095. வெள்ளைத் தகட்டின் உச்சப் பேண்ட் 3300-க்கும் 3500-க்கும் இடையில், அதாவது 80 முதல் 85 சதவீதத்தில் நின்றால் நல்லது. இங்கே பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, உச்சத்தை. சராசரி 1500 என்று சாதுவாக இருக்கும்போதே நாலு பேண்டுகள் 4095-இல் முட்டிக்கொண்டு நிற்கலாம்.

அப்படி முட்டினால் என்ன ஆகும்? உண்மையில் 5000 வர வேண்டிய இடத்தில் 4095 என்று பதிவாகும். பிறகு பொருளின் மதிப்பை வெள்ளையின் மதிப்பால் வகுக்கும்போது, வகுக்கும் எண் சிறுத்துவிட்டதால் விடை பெருத்துவிடும். அந்தச் சில பேண்டுகளில் மட்டும் பொருள் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். வரைபடத்தில் அழகான ஒரு மேடு உருவாகி, ஏதோ வேதிப்பொருளின் அடையாளம்போலவே ஆளை ஏமாற்றும். வெள்ளைத் தகட்டின் வரைபடத்தின் தலை கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் வழி. நல்ல மென்பொருள்கள் நிரம்பிய பிக்சலைச் சிவப்பில் காட்டும். அந்த வசதி இருந்தால் அணைத்து வைக்காதீர்கள்.

மறுமுனையிலும் சிக்கல் இருக்கிறது. ஹாலஜன் விளக்கு 400 நானோமீட்டர் அருகே மிகக் குறைந்த ஒளியே தரும். சிலிக்கான் சென்சாரின் உணர்திறனும் இரண்டு ஓரங்களிலும் சரியும். அங்கே வெள்ளையும் சிறிய எண், பொருளும் சிறிய எண். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது பெரும்பாலும் இரைச்சல். முதல் சில பேண்டுகளைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவதற்கு இதுதான் காரணம். தவறில்லை, ஆனால் வெட்டுவது பகுப்பாய்வில் நடக்கட்டும். பதிவில் எல்லாமே இருக்கட்டும்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது. குழல் விளக்கு இந்த வேலைக்கு ஆகாது. அதன் நிறமாலையில் பாதரசக் கோடுகள் முள்முள்ளாக நிற்கும், இடையில் பள்ளம். நேரடியாக மாறுதிசை மின்சாரத்தில் எரியும் ஹாலஜனும் தொல்லைதான்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஃபிரேம் வேகம் அதோடு ஒத்துப்போகாதபோது படத்தின் குறுக்கே வெளிச்சமும் மங்கலுமாகப் பட்டைகள் விழும். நிலையான நேர்திசை மின்வழங்கி போட்ட ஹாலஜன்தான் வழக்கமான தேர்வு. போட்டவுடன் தொடங்காதீர்கள். விளக்கும் கேமராவும் சூடேறி நிலைக்க 20, 30 நிமிடம் கொடுங்கள்.

வட்டத்தை வைத்து வேகத்தைச் சரிபார்த்தல்

மேடை நகரும் வேகமும் ஃபிரேம் ரேட்டும் பொருந்தாவிட்டால் படம் இழுபடும் அல்லது நசுங்கும். கணக்கு சின்னதுதான். கேமரா பார்க்கும் வரியின் அகலம் 307.2 மில்லிமீட்டர், அதில் 1024 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.3 மில்லிமீட்டர். ஒரு ஃபிரேமுக்கு மேடையும் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்தால் பிக்சல் சதுரமாக இருக்கும். நொடிக்கு 100 ஃபிரேம் என்றால் வேகம் நொடிக்கு 30 மில்லிமீட்டர்.

அகலத்தை அளவுகோல் வைத்து அளந்தாலும் பொருளின் உயரம் மாறினால் கணக்கு மாறிவிடும். ஆகவே 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டம் ஒன்றை அச்சடித்து, பொருளின் உயரத்திலேயே வைத்து ஒரு சோதனை ஸ்கேன் எடுங்கள். அகலம் 200 பிக்சலும் நீளம் 240 வரியும் வந்தால் மேடை மெதுவாகப் போகிறது. அதே இடத்தை அதிக முறை பிடித்திருக்கிறீர்கள், வட்டம் முட்டையாகிவிட்டது. இப்போதைய வேகத்தை 240-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் சரியான வேகம் கிடைக்கும். நொடிக்கு 25 மில்லிமீட்டரில் ஓட்டியிருந்தால் 30 என்று வரும். லென்ஸையோ உயரத்தையோ தொட்டால் வட்டத்தை மறுபடி எடுங்கள்.

மேடை தொடங்கும்போதும் நிற்கும்போதும் வேகம் சீராக இருக்காது. பொருளுக்கு முன்னும் பின்னும் சில சென்டிமீட்டர் வெற்று ஓட்டம் விடுவது நல்லது.

டார்க், ஒயிட்: பலரும் இடறும் இடம்

கேமரா தருவது எதிரொளிப்பு விகிதம் அல்ல, வெறும் எண்ணிக்கை. அதில் விளக்கின் நிறம், லென்ஸின் மங்கல், சென்சாரின் சொந்த முணுமுணுப்பு எல்லாம் கலந்திருக்கும். இவற்றைப் பிரித்தெடுக்க ஒரு சூத்திரம் போதும்:

எதிரொளிப்பு = (பொருள் − டார்க்) ÷ (ஒயிட் − டார்க்)

டார்க் என்பது ஷட்டரை மூடிவிட்டு எடுப்பது. ஒளியே இல்லாதபோதும் சென்சார் பூஜ்ஜியம் காட்டாது. அது காட்டும் அளவுதான் டார்க். ஒரே ஃபிரேம் போதாது. 100 ஃபிரேம் எடுத்துச் சராசரி கண்டால் தற்செயல் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும், இரைச்சல் ஃபிரேம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைவதால். எக்ஸ்போஷரை மாற்றினால் டார்க்கையும் மாற்ற வேண்டும். வெப்பநிலை மாறினாலும் அப்படித்தான். 1000 நானோமீட்டருக்கு மேல் பார்க்கும் சென்சார்களில் இது இன்னும் கறாரான விதி. குளிர்விக்கப்படும் வகை என்றால், குறித்த வெப்பநிலையை எட்டிவிட்டதாக மென்பொருள் காட்டும்வரை காத்திருங்கள். நீண்ட பணியில் தொடக்கத்தில் ஒரு டார்க், முடிவில் ஒரு டார்க் எடுத்து ஒப்பிடுவது செலவில்லாத காப்பீடு.

ஷட்டர் முழுக்க மூடாமல் சிக்கிக்கொள்வது உண்டு. அப்போது டார்க்கில் பொருளின் நிழலுருவம் தெரியும். கழித்தால் இருண்ட இடங்களில் எதிர்மறை எண் வரும். இங்கே நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. 16 பிட் குறியில்லா எண்ணாகவே வைத்துக்கொண்டு 200-இலிருந்து 205-ஐக் கழித்தால் −5 வராது, 65531 வரும். இருட்டு மூலையில் திடீரென்று வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் பெரும்பாலும் இதுதான் கதை. கழிப்பதற்கு முன் தசம எண்ணாக மாற்றிவிடுங்கள். ஷட்டர் சரியாக இருந்தாலும் இரைச்சலால் சில பிக்சல்கள் டார்க்குக்குக் கீழே போகும் என்பதால் இந்த மாற்றம் எப்போதும் தேவை.

ஒயிட் என்பது எல்லா அலைநீளத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி வீசும் தகடு. ஸ்பெக்ட்ரலான் வகைத் தகடுகள் 99 சதவீதம் வரை எதிரொளிப்பவை. அச்சுத் தாளை வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரும் பொருள் நீலப் பகுதியைக் கெடுத்துவிடும். 50 சதவீதச் சாம்பல் தகடு வைத்திருந்தால், சூத்திரத்தின் விடையை 0.5-ஆல் பெருக்க வேண்டும். மென்பொருளில் தகட்டின் எதிரொளிப்பு அளவைக் கேட்கும் பெட்டி இருப்பது இதற்காகத்தான், காலியாக விட்டால் 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு. தகட்டின்மேல் விரல் படக் கூடாது. தோலின் எண்ணெய் கறையாகிவிடும்.

தகடு வரியின் முழு அகலத்தையும் மூட வேண்டும். விளக்கு நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும்தான் எரியும், பிளவில் தூசி இருக்கும், ஒவ்வொரு பிக்சலின் உணர்திறனும் வேறு. வகுத்தலைப் பிக்சலுக்குப் பிக்சல் செய்தால் இவை எல்லாம் அடிபட்டுப் போகும். சின்னத் தகட்டை நடுவில் வைத்து எடுத்து, அதன் ஒரே சராசரியால் எல்லாவற்றையும் வகுத்தால் அத்தனை கறையும் படத்தில் அப்படியே தங்கும். தகட்டின் உயரமும் முக்கியம். விளக்குக்கு அருகே போனால் வெளிச்சம் கூடும். 5 சென்டிமீட்டர் உயரமான பொருளை எடுத்துவிட்டு, தகட்டை மேடையில் தரையோடு வைத்தால் பொருளின் எதிரொளிப்பு கூடுதலாகத் தெரியும். தகட்டுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

பொருள் மிகவும் கறுப்பாக இருந்தால், வெள்ளைக்கு ஏற்ற எக்ஸ்போஷரில் அதிலிருந்து ஒன்றுமே வராது. அப்போது வெள்ளையை 4 மில்லிசெகண்டிலும் பொருளை 16 மில்லிசெகண்டிலும் எடுக்கலாம், ஃபிரேம் ரேட்டையும் மேடை வேகத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு. இரண்டுக்கும் தனித்தனி டார்க் வேண்டும். டார்க் கழித்த வெள்ளையை 4-ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும். சில மென்பொருள்கள் இதைத் தானே செய்துகொள்ளும், சில செய்யாது. ஒரே சாம்பல் தகட்டை இரண்டு எக்ஸ்போஷரிலும் எடுத்துப் பார்த்தால் உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

கோடு எந்தத் திசையில்?

படத்தில் கோடுகள் தெரிந்தால் முதலில் திசையைக் கவனியுங்கள். மேடை நகரும் திசையில் நெடுக ஓடும் கோடு என்றால் பழுது கேமராவுக்குள்: எல்லாப் பேண்டிலும் அதே இடத்தில் இருந்தால் பிளவில் தூசி, ஒரே பேண்டில் மட்டும் இருந்தால் கெட்டுப்போன பிக்சல். குறுக்கே ஓடும் கோடு என்றால் அது நேரத்தோடு மாறும் ஏதோ ஒன்று. விளக்கு மினுங்குகிறது, மேடை குலுங்குகிறது, அல்லது ஃபிரேம் தவறுகிறது.

ஃபிரேம்கள் ஏன் தவறுகின்றன?

1024 பிக்சல், 224 பேண்ட், ஒவ்வொரு எண்ணுக்கும் 2 பைட். ஒரு ஃபிரேம் 4,58,752 பைட். நொடிக்கு 100 ஃபிரேம் என்றால் சுமார் 46 எம்பி, நிமிடத்துக்கு 2.75 ஜிபி. நொடிக்கு 125 எம்பி வரை மட்டுமே கடத்தும் கிகாபிட் ஈத்தர்நெட்டுக்கு இது தாங்கும். பின்னிங்கை எடுத்துவிட்டு 448 பேண்டாக்கினால் 92 எம்பி ஆகிவிடும், வழி நெருக்கடியாகும்.

பின்னிங் என்றால் பக்கத்துப் பக்கத்துச் சென்சார் வரிசைகளைச் சேர்த்து ஒரே பேண்டாக்குவது. புதிதாக வருபவர்கள் அதிகப் பேண்ட் என்றால் அதிகத் தகவல் என்று நினைத்துப் பின்னிங்கைக் கழற்றிவிடுகிறார்கள். 400 முதல் 1000 வரை 448 துண்டு போட்டால் ஒரு துண்டு 1.3 நானோமீட்டர். ஒளியியல் அமைப்பால் 5 நானோமீட்டருக்குக் குறைவாகப் பிரிக்கவே முடியாது என்றால், அடுத்தடுத்த பேண்டுகள் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும். கோப்பு இரட்டிப்பாகும், லாபம் சொற்பம்.

பதிவு மென்பொருள் வருகிற ஃபிரேம்களை முதலில் நினைவகத்திலுள்ள ஒரு பஃபரில், அதாவது தற்காலிகக் காத்திருப்பு இடத்தில், போடும். இன்னொரு வேலை அங்கிருந்து எடுத்து வட்டில் எழுதும். எழுதுவது பின்தங்கினால் பஃபர் நிரம்பும், அடுத்து வரும் ஃபிரேம் கீழே விழும். மலிவான எஸ்எஸ்டிகள் முதல் சில ஜிபிக்கு வேகமாக எழுதிவிட்டு, உள்ளே இருக்கும் வேகத் தேக்கம் நிரம்பியதும் திடீரென்று தளர்ந்துவிடும். இரண்டு நிமிடச் சோதனையில் தேறியது பத்து நிமிடப் பதிவில் இடறுவதற்கு இதுவே வழக்கமான காரணம். ஒவ்வொரு கோப்பையும் முகர்ந்து பார்க்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள், மின்சேமிப்பு முறை, பின்னணியில் ஓடும் கிளவுட் ஒத்திசைவு ஆகியவையும் குற்றவாளிகள். நெட்வொர்க் கேமராவில் பாக்கெட் அளவு 1500 பைட் என்றே இருந்தால், கணினியின் நெட்வொர்க் அட்டையில் ஜம்போ ஃபிரேம் என்ற பெரிய பாக்கெட் வசதியை (கேமரா ஃபிரேம் வேறு, இது வேறு) இயக்கி 9000 பைட் ஆக்குங்கள். செயலியின் சுமை குறையும்.

தவறியதை எப்படி அறிவது? கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வரிசை எண் தரும். நல்ல மென்பொருள் இடைவெளிகளை எண்ணிக் காட்டும். அந்த எண் பூஜ்ஜியமாக இல்லாத பதிவை அழித்துவிட்டு மறுபடி எடுப்பதே மேல். 1200 வரியில் ஒன்று போனால் 0.3 மில்லிமீட்டர் நகர்வுதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, கொத்தாகப் போகும்.

வட்டில் என்ன கிடக்கிறது?

பெரும்பாலான மென்பொருள்கள் என்வி வடிவத்தில் எழுதும். எண்கள் மட்டும் உள்ள ஒரு பெரிய கோப்பு, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சிறிய ஹெடர் கோப்பு. ஹெடரைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரிலேயே திறக்கலாம். உள்ளே இருப்பதைத் தமிழ் எழுத்தில் சொன்னால் இப்படி:

சாம்பிள்ஸ் = 1024
லைன்ஸ் = 1200
பேண்ட்ஸ் = 224
ஹெடர் ஆஃப்செட் = 0
டேட்டா டைப் = 12
இன்டர்லீவ் = பிஐஎல்
பைட் ஆர்டர் = 0

டேட்டா டைப் 12 என்றால் 16 பிட் குறியில்லா முழு எண். 4 என்றால் 32 பிட் தசம எண், எதிரொளிப்பாக மாற்றிய கோப்புகளில் இதைப் பார்ப்பீர்கள். பிஐஎல் என்பது அடுக்கும் முறை: முதல் வரியின் முதல் பேண்ட், அதே வரியின் இரண்டாம் பேண்ட் என்று 224 வரை போய்விட்டு, பிறகு இரண்டாம் வரி. கேமரா ஃபிரேம் வருகிற வரிசையே இதுதான் என்பதால் பதிவு மென்பொருளுக்கு இது வசதி, வந்ததை அப்படியே கொட்டிவிடலாம். பேண்ட் வாரியாக அடுக்கும் பிஎஸ்க்யூ என்று தப்பாகத் திறந்தால் படம் கிழித்து ஒட்டியதுபோல் தெரியும். ஒரு எண்ணின் இரண்டு பைட்டில் எது முதலில் என்று சொல்லும் பைட் ஆர்டர் தப்பினால் 300 என்ற மதிப்பு 11265 ஆகும். படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கும்.

அளவைப் பெருக்கிப் பாருங்கள். 1024 × 1200 × 224 × 2 = 55,05,02,400 பைட். பெரிய கோப்பின் அளவு அச்சாக இதே எண்ணாக இருக்க வேண்டும். குறைந்தால் பதிவு நடுவில் நின்றிருக்கிறது. பத்து நொடியில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் பிறகு பகுப்பாய்வு நிரலில் மணிக்கணக்கில் பிழை தேடுபவர்கள் ஏராளம்.

இன்னொரு மறைவான விஷயம்: 12 பிட் எண்ணை 16 பிட் பெட்டியில் வைக்கும்போது சில கேமராக்கள் வலப்பக்கம் ஒட்டி வைக்கும், சில இடப்பக்கம். இடப்பக்கம் என்றால் எல்லா மதிப்பும் 16 மடங்காகத் தெரியும், உச்சம் 4095-க்குப் பதில் 65520. நிரம்பிய பிக்சலைத் தேடும் நிரல் 4095-ஐத் தேடிக்கொண்டிருந்தால் எதையும் உருப்படியாகச் சொல்லாது.

ஸ்பெசிம் நிறுவனத்தின் லூமோ மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, பொருளின் கோப்போடு டார்க்ரெஃப், ஒயிட்ரெஃப் என்று பெயர் தொடங்கும் கோப்புகளையும் சேர்த்தே வைக்கும். ரெசொனானின் ஸ்பெக்ட்ரோனான், ஹெட்வாலின் ஹைப்பர்ஸ்பெக் ஆகியவை வேறு ஏற்பாடு கொண்டவை. எது ஆனாலும் மூலக் கோப்புகள் மூன்றையும் சேர்த்து வைத்திருங்கள். எதிரொளிப்புக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது, வட்டு நிரம்பும் நேரத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை. ஒயிட் நிரம்பியிருந்ததா என்பதை அதன் பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

பெல்ட்டிலும் வானத்திலும்

கன்வேயர் பெல்ட் சீரான வேகத்தில் ஓடாது. அதனால் நேரத்தை வைத்து ஃபிரேம் எடுக்காமல், பெல்ட்டின் உருளையில் பொருத்திய என்கோடரின் (உருளை சுழலச் சுழலத் துடிப்பு அனுப்பும் உணரி) துடிப்பை வைத்து எடுப்பார்கள். ஒரு துடிப்புக்கு 0.05 மில்லிமீட்டர் என்றால், ஆறு துடிப்புக்கு ஒரு ஃபிரேம் என்று மென்பொருளில் வகுக்கும் எண்ணை 6 ஆக வைத்தால் 0.3 மில்லிமீட்டர் வரும். பெல்ட் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் பிக்சல் சதுரமாகவே இருக்கும். எல்லை ஒன்று உண்டு. நொடிக்கு 30 மில்லிமீட்டரில் 100 ஃபிரேம். பெல்ட் 40-க்கு எகிறினால் 133 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் 7.5 மில்லிசெகண்ட். உங்கள் எக்ஸ்போஷர் 8 மில்லிசெகண்டாக இருந்தால் கேமரா சில துடிப்புகளைக் காதில் போட்டுக்கொள்ளாது. பெல்ட்டின் அதிகபட்ச வேகத்துக்கு ஏற்பவே எக்ஸ்போஷரை வையுங்கள்.

ட்ரோனில் நகர்வது கேமரா. ஒவ்வொரு வரியும் எந்த நொடியில், எந்த இடத்தில், எந்தச் சாய்வில் எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் வரிகளை நிலத்தின்மேல் சரியாக வைக்க முடியாது. ஆகவே மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் செயற்கைக்கோள் நேரத்தைப் பதிக்கும், சாய்வு உணரியின் பதிவைத் தனிக் கோப்பில் எழுதும். நொடிக்கு 5 மீட்டர் பறந்து தரையில் 5 சென்டிமீட்டர் பிக்சல் வேண்டுமென்றால் மறுபடி அதே 100 ஃபிரேம்தான்.

நீங்களே நிரல் எழுதினால்

இன்றைய கேமராக்களில் பலவும் ஜெனிகேம் என்ற பொதுவான கேமராக் கட்டுப்பாட்டுத் தரத்தைப் பின்பற்றுபவை. எக்ஸ்போஷர், ஃபிரேம் ரேட், ட்ரிகர் போன்றவற்றுக்கு நிறுவனம் மாறினாலும் பெரும்பாலும் ஒரே பெயர்கள். அராவிஸ், ஹார்வெஸ்டர்ஸ் ஆகிய திறமூல நூலகங்கள் வழியாகப் பைத்தானிலிருந்தே பேசலாம். பதிவான என்வி கோப்பைப் படிக்க ஸ்பெக்ட்ரல் பைத்தான் நூலகம் இருக்கிறது.

அமைப்புகளை இடும் வரிசை முக்கியம். பிக்சல் வடிவமும் பின்னிங்கும் முதலில், பதிவு ஓடாத நிலையில், பிறகு ஃபிரேம் ரேட், கடைசியில் எக்ஸ்போஷர். ஃபிரேம் ரேட் 100-இல் இருக்கும்போது 16 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர் கேட்டால், சில கேமராக்கள் பிழை சொல்லாமல் 10-க்குக் கீழே இறக்கிக்கொள்ளும், சில ஃபிரேம் ரேட்டை இறக்கிவிடும். எழுதிய ஒவ்வொரு மதிப்பையும் திரும்பப் படித்து, ஹெடரில் நீங்கள் கேட்ட எண்ணை எழுதாமல் கேமரா ஒப்புக்கொண்ட எண்ணை எழுதுங்கள். ஃபிரேம் வாங்குவது ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை), வட்டில் எழுதுவது இன்னொரு த்ரெட். திரையில் நொடிக்கு பத்து ஃபிரேம் வரைந்தால் போதும். நூறையும் வரைய முயன்றால் அந்த வரைதலே ஃபிரேம்களைத் தவறவிட வைக்கும்.

பதிவு முடிந்ததும் பொருளை உடனே மேடையிலிருந்து எடுக்காதீர்கள். கோப்பின் அளவு, தவறிய ஃபிரேம் எண்ணிக்கை, ஒயிட்டின் உச்சம் மூன்றையும் பாருங்கள். வெள்ளைத் தகட்டையே ஒருமுறை பொருளாக ஸ்கேன் செய்து எதிரொளிப்பாக மாற்றினால், எல்லா அலைநீளத்திலும் தகட்டின் சொந்த அளவில், 99 சதவீதத் தகடு என்றால் 0.99 அருகே, ஒரு கிடைக்கோடு வர வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் ஒயிட் எடுத்த பிறகு விளக்கின் நிறம் நகர்ந்திருக்கிறது. 0.9-இல் நேராக நின்றால் தகடு தாழ்ந்த உயரத்தில் இருக்கிறது, அல்லது விளக்கு மங்கியிருக்கிறது.